காசு வாங்காத தனியார் பள்ளி

கல்வி பற்றிப் பேச உட்கார்ந்தால் நம் பேச்சு சீக்கிரமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. அரசுப் பள்ளி என்றால் நம்முடையது, தனியார் பள்ளி என்றால் அவர்களுடையது. இந்தக் கோடு நாம் இஷ்டத்துக்குப் போட்டதல்ல, அடிபட்ட அனுபவத்திலிருந்து போட்டது. ஆனாலும் அந்தக் கோடு எதன்மேல் கிடக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் ஒருத்தனுக்குச் சொந்தம் என்பதாலா நாம் எதிர்க்கிறோம், வாசலில் நின்று காசு கேட்கிறான் என்பதாலா? காசே கேட்காத தனியார் பள்ளி என்று ஒன்று இருந்தால் அதை என்ன செய்வது? காசு வாசல் அடைபட்ட இடத்தில் வேறு வாசல் எதுவும் திறக்காதா?

இந்தக் கேள்விகளோடு ஹெல்சிங்கி நகரத்துப் பள்ளி ஒன்றை இங்கே அறிமுகம் செய்கிறேன். ஃபின்லாந்து பற்றி ஏற்கனவே வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. 2000இல் நடந்த முதல் பீசா தேர்வில் அந்நாட்டுப் பிள்ளைகள் வாசிப்பில் முதலிடம் பிடித்ததிலிருந்து உலகத்துக் கல்வி அதிகாரிகள் எல்லாரும் அங்கே யாத்திரை போய் வந்தார்கள். வீட்டுப்பாடம் கம்மி, பரீட்சை கம்மி, வாத்தியாருக்கு மரியாதை அதிகம் என்று திரும்பி வந்து சொன்னார்கள். கல்வி வியாபாரிகளுக்குக்கூட ஃபின்லாந்து பிடித்துப்போய்விட்டது. ஆனால் அங்கே கல்வியை விற்க முடியாது என்பதை மட்டும் அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். நான் பேசப்போவது அந்த மறந்துபோன பகுதியைப் பற்றி. அதோடு, யாத்திரை போனவர்கள் பார்க்காமல் வந்த இன்னொன்றைப் பற்றியும்.

பள்ளியின் பெயர் ஹெல்சிங்கின் சுவோமலைனென் யுஹ்தெய்ஸ்கோலு. வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, அங்கேயும் எஸ்.ஒய்.கே. என்றுதான் சுருக்கிச் சொல்கிறார்கள். சுவோமலைனென் என்றால் ஃபின்னிஷ். யுஹ்தெய்ஸ்கோலு என்றால் கூட்டுப் பள்ளி, அதாவது ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கும் பள்ளி. 1886இல் தொடங்கியது. இன்றைக்கு ஹெல்சிங்கியின் ஹாகா பகுதியில் நடக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை அடிப்படைப் பள்ளி. அதற்குமேல் லுகியோ எனப்படும் மேல்நிலைப் பள்ளி. மொழிப் படிப்புக்குப் பேர்போனது. மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளை அந்நிய மொழி ஒன்றைத் தொடங்கிவிடுகிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து ஐ.பி. எனும் சர்வதேசப் பாடத்திட்டமும் ஆங்கிலத்தில் உண்டு. நடத்துவது அரசாங்கமும் அல்ல, நகராட்சியும் அல்ல. பள்ளிக்கென்றே இருக்கும் ஒரு பங்கு நிறுவனம்.

பங்கு நிறுவனம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம்.

1886இல் ஃபின்லாந்து தனி நாடு அல்ல. 1809 முதல் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அதற்கு முன்னால் பல நூற்றாண்டுகள் சுவீடனின் பிடியில். ஆண்டவன் மாறினாலும் ஆளும் மொழி மாறவில்லை. கோர்ட்டில் சுவீடிஷ், கச்சேரியில் சுவீடிஷ், பல்கலைக்கழகத்தில் சுவீடிஷ். ஃபின்னிஷ் என்பது உழுகிறவன் பேச்சு, வேலைக்காரி பேச்சு. நாட்டில் பெரும்பான்மை மக்களின் மொழி அதுதான். ஆனால் அந்த மொழியில் படித்துப் பல்கலைக்கழகம் போக வழி கிடையாது. ஃபின்னிஷில் பாடம் சொன்ன முதல் உயர்நிலைப் பள்ளி யுவாஸ்கூலா ஊரில் 1858இல்தான் வந்தது. 1863இல் ஜார் மன்னன் இரண்டாம் அலெக்சாண்டர், இன்னும் இருபது வருஷத்தில் ஃபின்னிஷுக்கும் சம உரிமை என்று ஆணை போட்டான். ஆணை போட்டால் ஆகிவிடுமா? பள்ளிக்கூடம் வேண்டுமே. அப்படிப்பட்ட பள்ளிகள் பலவற்றைக் கட்டியது மன்னனின் கஜானா அல்ல, மக்கள் சேர்ந்து போட்ட பணம். எஸ்.ஒய்.கே.யும் அந்த வரிசையில் வந்ததுதான்.

மொழி ஒரு பக்கம். பெண் இன்னொரு பக்கம். அன்றைக்கு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் சேர வேண்டுமானால் மனுப் போட வேண்டும். என்ன மனு? ‘என் பாலினத்திலிருந்து எனக்கு விலக்கு அளியுங்கள்’ என்று. இது கவிதைக்காக நான் கட்டிச் சொன்னதல்ல. 1901வரை அந்த விதி இருந்தது. நீ பெண்ணாகப் பிறந்த குற்றத்தை மன்னித்து உள்ளே விடுகிறோம் என்பதுதான் அதன் பொருள். பிறப்பையே தகுதிக் குறைவாக எழுதி வைத்த சட்டங்களை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த விதி அமலில் இருந்த காலத்தில்தான் எஸ்.ஒய்.கே. பெண்பிள்ளைகளை ஆண்பிள்ளைகளோடு உட்காரவைத்து, பல்கலைக்கழக நுழைவுக்கான பரீட்சைக்குத் தயார் செய்தது. அதன் முதல் தலைமை ஆசிரியர் லூசினா ஹாக்மன் என்ற பெண். 1853இல் பிறந்தவர். இசைமேதை சிபேலியஸ் சிறுவயதில் படித்த ஆரம்பப் பள்ளி இவர் நடத்தியது. 1886 முதல் 1899வரை எஸ்.ஒய்.கே.யில் இருந்துவிட்டு, பிறகு தானே ஒரு புதிய கூட்டுப் பள்ளியைத் தொடங்கி 1938வரை அதை நடத்தினார். 1906இல் ஃபின்லாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. தேர்தலில் நிற்கும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தது. 1907இல் 19 பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். உலகத்தில் அதற்கு முன் எந்த நாடாளுமன்றத்திலும் பெண் உட்கார்ந்ததில்லை. அந்த 19 பேரில் ஹாக்மனும் ஒருவர்.

இந்த இடத்தில் பூரித்துப்போய் நின்றுவிடக் கூடாது. அதே 19 பேரில் இன்னொருத்தியும் இருந்தாள். மீனா சில்லன்பா. குடியானவன் வீட்டுப் பெண். பன்னிரண்டு வயதில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவள். பிறகு ஹெல்சிங்கிக்கு வந்து வீட்டு வேலைக்காரியாக இருந்தவள். வேலைக்காரிகளுக்குச் சங்கம் கட்டியவள். 1926இல் அந்நாட்டின் முதல் பெண் அமைச்சரானவள். ஹாக்மன் நடத்திய மாதிரிப் பள்ளியின் வாசல் மீனாவின் வயதொத்த வேலைக்காரப் பெண்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. காரணம் எளிது. கூட்டுப் பள்ளி பெண்ணை உள்ளே விட்டது, ஃபின்னிஷ் மொழியை உள்ளே விட்டது. ஆனால் கட்டணம் வாங்கியது. இரண்டு பூட்டைத் திறந்த கை மூன்றாவது பூட்டைத் தொடவில்லை. விடுதலை பேசும் எந்த இயக்கத்தையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்: எத்தனை பூட்டைத் திறந்தது, எந்தப் பூட்டில் கை நின்றது?

மூன்றாவது பூட்டைத் திறக்க அந்த நாட்டுக்கு எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் ரத்த ஆறு ஓடியது. 1917இல் சுதந்திரம், 1918இல் உள்நாட்டுப் போர். செம்படை ஒரு பக்கம், வெண்படை ஒரு பக்கம். தொழிலாளியும் குத்தகைக் குடியானவனும் ஒரு பக்கம், நிலமும் படிப்பும் உள்ளவன் மறுபக்கம். போரிலும் அதற்குப் பிறகு கைதி முகாம்களிலும் செத்தவர்கள் 35,000க்கும் மேல். வெண்படை ஜெயித்தது. 1921இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. ஆனால் எல்லாருக்கும் ஒரே கல்வி என்று சட்டம் சொல்லவில்லை.

எப்படி என்று கேட்டால், பிள்ளைகள் எல்லாரும் கன்சகோலு எனும் மக்கள் பள்ளியில் சேருவார்கள். நாலு வருஷம். பதினோரு வயது ஆனதும் பாதை இரண்டாகப் பிரியும். பரீட்சை எழுதி, கட்டணமும் கட்ட முடிந்த பிள்ளை ஒப்பிகோலுவுக்குப் போகும். அதுதான் பல்கலைக்கழகத்துக்கு வழி. மீதிப் பிள்ளைகள் மக்கள் பள்ளியிலேயே இன்னும் சில வருஷம் இருந்துவிட்டுக் காட்டுக்கோ ஆலைக்கோ வேலைக்குப் போகும். பதினோரு வயதில் ஒரு பிள்ளையின் கையில் ஒருவன் பேனாவையும் இன்னொரு பிள்ளையின் கையில் கோடாரியையும் கொடுத்தால், அது பிள்ளையின் விருப்பம் என்று யாராவது சொல்ல முடியுமா? இந்த ஒப்பிகோலுகளில் பெரும்பகுதி தனியார். எஸ்.ஒய்.கே. அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. பள்ளி இறுதித் தேர்வு முடித்தவர்கள் தலையில் போட்டுக்கொள்ளும் வெள்ளைத் தொப்பி அந்தக் காலத்தில் படிப்பின் அடையாளம் மட்டுமல்ல, வர்க்கத்தின் அடையாளமும்தான்.

சோற்றில் மட்டும் முன்னாலேயே ஒரு வேலை நடந்தது. 1943இல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, மக்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவச மதிய உணவு என்று சட்டம் போட்டார்கள். 1948இல் முழுசாக நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் பிள்ளைகள் காட்டில் பெர்ரிப் பழம் பொறுக்கிக் கொண்டுவர வேண்டியிருந்தது. நாடு அவ்வளவு ஏழை. ‘பணக்கார நாடு, அவனால முடியும்’ என்று சொல்கிறவர்களுக்கு இந்தத் தேதியை நினைவுபடுத்த வேண்டும். பணம் வந்தபிறகு சோறு போடவில்லை. சோறு போட்டபிறகுதான் பணம் வந்தது.

1968இல் நாடாளுமன்றம் இரட்டைப் பாதையை ஒழிக்கச் சட்டம் போட்டது. இனி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்பது வருஷம் ஒரே அடிப்படைப் பள்ளி. 1972இல் வடக்குக் கோடியிலிருந்து தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் குறைவாக இருந்த ஏழைப் பகுதி அது. அங்கிருந்து வருஷா வருஷம் தெற்கே இறங்கி, 1977இல் கடைசியாகத் தலைநகரத்துக்கு வந்தார்கள். திட்டம் தலைநகரில் தொடங்கி மிச்சமிருந்தால் ஓரத்துக்குப் போவதுதான் நாம் கண்ட உலக வழக்கம். அங்கே ஓரத்திலிருந்து மையத்துக்கு வந்தது. எதிர்ப்பு இல்லாமல் நடக்கவில்லை. தரம் செத்துப்போகும், கெட்டிக்காரப் பிள்ளைகள் மந்தமாகிப்போவார்கள் என்றெல்லாம் கூச்சல் போட்டார்கள். சமாதானத்துக்காக, கணக்கிலும் மொழிப் பாடங்களிலும் மட்டும் கெட்டிக்காரப் பிரிவு, சுமார் பிரிவு என்று பிரித்துவைத்தார்கள். 1985இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

தனியார் ஒப்பிகோலுகள் என்ன ஆயின? பெரும்பாலானவற்றை நகராட்சிகள் எடுத்துக்கொண்டன. ஹெல்சிங்கியில் பல பள்ளிகள் மட்டும் தனியாராகவே நீடித்தன. ஆனால் புதிய ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தனியார். எஸ்.ஒய்.கே. அப்படி நின்ற ஒன்று.

நான் வங்கியில் குமாஸ்தா. கவிதை எழுதுவது ராத்திரியில். பகலெல்லாம் வரவு, பற்றுதான். ஜூன் மாசம் பிறந்தால் நகைக்கடன் கவுண்டரில் கூட்டம் எதுக்குக் கூடுதுன்னு எனக்குத் தெரியும். தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு திரும்பிப் போகும் பெண்களைக் கேட்டால் ‘பிள்ளைக்கு ஃபீசு சார்’ என்பார்கள். அதனால் எந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் படித்தாலும் என் கண் முதலில் அதன் கணக்கைத்தான் தேடும்.

எஸ்.ஒய்.கே. மாதிரிப் பள்ளிகளின் கணக்கை ஆள்வது 1998ஆம் வருஷத்து அடிப்படைக் கல்விச் சட்டம். தனியார் பள்ளி நடத்த வேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கிறவன் இப்படி ஒரு பள்ளிக்கு என்ன தேவை என்று காட்ட வேண்டும். லாபத்துக்காக நடத்தக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பங்கு நிறுவனமாக இருக்கலாம், ஆனால் பிள்ளைகளை வைத்துச் சம்பாதிக்க முடியாது. பாடம் நடத்தக் கட்டணம் வாங்கக் கூடாது. புத்தகம் இலவசம், மதியச் சாப்பாடு இலவசம். அந்நிய மொழியில் நடக்கும் ஒருசில பள்ளிகளுக்கு மட்டும் நியாயமான கட்டணம் வாங்க விலக்கு உண்டு, எஸ்.ஒய்.கே.யின் அடிப்படைப் பள்ளி அதில் சேராது. தேசியப் பாடத்திட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும். வாத்தியாருக்கு நகராட்சிப் பள்ளியில் கேட்கும் அதே படிப்பைத்தான் இங்கேயும் கேட்க வேண்டும். வகுப்பு ஆசிரியராக வேண்டுமானால் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்திருக்க வேண்டும்.

அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது? வரியிலிருந்து. பிள்ளை எந்த ஊரில் குடியிருக்கிறதோ அந்த நகராட்சியின் பங்கிலிருந்து அந்தப் பிள்ளைக்குரிய தொகை பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது. அப்பன் பையில் இருந்து அல்ல. மேல்நிலைப் படிப்பிலும் பாடத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் லுகியோவில் புத்தகமும் கணினியும் பிள்ளைகளே வாங்க வேண்டியிருந்தது. ஏழைப் பிள்ளைக்கு அது பெரிய சுமை. 2021இல் கட்டாயக் கல்வியைப் பதினெட்டு வயதுவரை நீட்டியபோது அந்தச் செலவையும் அரசு ஏற்றுக்கொண்டது.

இதில் எனக்குப் படுகிற விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் யார் பெயரில் பட்டா இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. சீட்டுக்கு விலை உண்டா என்பதுதான் முதல் கேள்வி. விலையை எடுத்துவிட்டால் ‘தனியார்’ என்ற சொல்லின் பல் பிடுங்கப்பட்டுவிடுகிறது. ‘கட்டணம் வாங்காமல் தரம் எப்படி வரும்’ என்று நம்மிடம் வாய் கூசாமல் கேட்கிறார்களே, அவர்களுக்கு இந்தப் பள்ளி ஒரு பதில். அடிப்படைப் பள்ளியில் ஒரு காசு வாங்காமல், நாட்டிலேயே பேர்போன பள்ளிகளில் ஒன்றாக அது இருக்கிறது. காசு வாங்கினால்தான் தரம் என்பது வியாபாரி சொன்ன பொய். நாம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு நம்பிவிட்டோம்.

ஆனால் நான் இதோடு நிறுத்திக்கொண்டால் ஃபின்லாந்து யாத்திரை போய்வந்த இன்னொரு அதிகாரியாகிவிடுவேன். இரண்டாவது வாசலையும் பார்க்க வேண்டும்.

ஃபின்லாந்தில் சாதாரணமாக ஒரு பிள்ளைக்கு நகராட்சியே பக்கத்துப் பள்ளி ஒன்றை ஒதுக்கிவிடும். கேள்வி இல்லை, தேர்வு இல்லை. வந்து உட்கார வேண்டியதுதான். எஸ்.ஒய்.கே.யில் அப்படி உட்கார முடியாது. மூன்றாம் வகுப்பில் சேர ஒரு தேர்வு உண்டு. மொழி கற்கும் திறன் இருக்கிறதா என்று பார்க்கும் தேர்வு. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு. தனி அழுத்தம் தரும் பாடப்பிரிவு இருந்தால் இப்படித் தேர்வு வைத்துக்கொள்ளலாம் என்று அதே 1998 சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. லுகியோவில் சேர ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழின் சராசரி மதிப்பெண் பார்ப்பார்கள். நாலு முதல் பத்துவரை உள்ள அளவில், எஸ்.ஒய்.கே. லுகியோவுக்கு ஒன்பதுக்கு மேல் வேண்டும்.

1968இல் பதினோரு வயதுப் பரீட்சையை ஒழித்த நாடு, மொழி வகுப்பு என்ற பெயரில் ஒன்பது வயதுப் பரீட்சைக்கு ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறது. இதை யாரும் சதி செய்து கொண்டுவரவில்லை. அதனால்தான் இது இன்னும் ஆபத்தானது.

தேர்வில் யார் பாஸாவார்கள்? எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் பாஸாகலாம் என்பது காகிதத்தில் சரி. ஆனால் முதலில் இப்படி ஒரு தேர்வு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தேதி பார்த்து மனுப் போட வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையை நகரத்தின் மறுகோடிக்கு அனுப்பத் துணிச்சலும் நேரமும் வேண்டும். தானாகத் தேர்ந்தெடுத்துப் போகும் பள்ளிக்குப் பயணச் செலவைப் பெற்றோர் தலையில் வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வீட்டில் புத்தகம் இருக்க வேண்டும், பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருக்க வேண்டும். இரவு ஷிப்டில் ஆபீஸ் கூட்டிப் பெருக்கும் சோமாலித் தாய்க்கு இதில் எத்தனை இருக்கும்? பீசா ஆய்வுகளில் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கும் மண்ணின் பிள்ளைகளுக்கும் இடையே மதிப்பெண் இடைவெளி பெரிதாக இருக்கும் நாடுகளில் ஃபின்லாந்தும் ஒன்று. சமத்துவ நாடு என்று பேர் வாங்கிய நாட்டில் இப்படி. ஹெல்சிங்கி நகராட்சிக்கும் இது தெரியும். 1990களின் இறுதியிலிருந்து பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் கொடுத்துவருகிறது. அந்தப் பணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நேர்நிலைப் பாகுபாடு’. நமக்குப் பழக்கமான சொல்தான்.

ஒவ்வொரு வருஷமும் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்ததும் ஃபின்லாந்துப் பத்திரிகைகள் லுகியோக்களுக்கு ரேங்க் போடுகின்றன. எஸ்.ஒய்.கே. பெரும்பாலும் மேலேயே இருக்கிறது. ஆகா, என்ன பள்ளி என்கிறார்கள். ஒன்பதுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்து உள்ளே விட்டால் வெளியே வரும்போது மேலேதானே வரும்? வடிகட்டி எடுத்த தண்ணீர் தெளிவா இருக்குன்னு வடிகட்டிக்கு மாலை போடுற கதைதான் இது. வடிகட்டியில் தங்கிப்போனவர்கள் எங்கே போனார்கள் என்று ரேங்க் பட்டியல் சொல்லாது.

‘தகுதி’, ‘திறமை’ என்ற சொற்களை 1990இல் மண்டல் அறிக்கையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் வாயிலிருந்து வேண்டிய மட்டும் கேட்டவர்கள் நாம். அதனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் திறமையை அளக்கிறோம் என்று யார் சொன்னாலும், எந்த நாட்டில் சொன்னாலும், நம் காது விறைத்துக்கொள்ளும். ஃபின்லாந்தில் சாதி இல்லை. ஆனால் மூன்று தலைமுறையாகப் படித்த வீடும் நேற்று வந்து இறங்கிய வீடும் உண்டு. அளவுகோலில் பதிவது பிள்ளையின் மூளையா, வீட்டின் அலமாரியா என்று பிரித்துச் சொல்ல எந்தத் தேர்வாலும் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபின்னிஷ் மொழிக்காகப் பிறந்த பள்ளிகளின் பெருமையைப் பேசும்போது, அதே ஃபின்னிஷ் வடக்கே சாமி ஆதிகுடிப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் சாமிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துப் பள்ளி விடுதிகளில் வைத்தார்கள். தாய்மொழி பேசவிடாமல் ஃபின்னிஷில் வளர்த்தார்கள். ஒரு தலைமுறையே தன் மொழியைத் தொலைத்தது. அதை விசாரிக்க உண்மை, நல்லிணக்க ஆணையம் ஒன்றை அமைக்க 2021வரை ஆனது. இன்றைய சட்டப்படி சாமி மொழி தெரிந்த பிள்ளைக்குச் சாமி வட்டாரத்தில் அந்த மொழியில்தான் பெரும்பாலும் பாடம் நடத்த வேண்டும். சுவீடிஷ் ஆதிக்கத்தில் நசுங்கிய மொழி, தனக்கு அதிகாரம் வந்ததும் இன்னொரு மொழியின் கழுத்தில் கால் வைத்தது. ஒடுக்கப்பட்டவன் என்ற பழைய சான்றிதழ் யாருக்கும் ஆயுளுக்கும் செல்லாது.

நுழைவுத் தேர்வை ஆதரிக்கிறவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். தேர்வை எடுத்துவிட்டால் வசதியுள்ளவன் நல்ல பள்ளி இருக்கும் தெருவில் வீடு வாங்கிக்கொண்டு போய்விடுவான், வீட்டு விலையே கட்டணமாகிவிடும் என்கிறார்கள். தேர்வாவது ஏழைப் பகுதிப் பிள்ளைக்கு ஒரு சன்னலைத் திறந்துவைக்கிறது என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பக்கத்துப் பள்ளி என்பது சேரி சேரியாகவும் ஊர் ஊராகவும் பிரிந்து கிடக்கும் இடத்தில் பிரிவினையை அப்படியே பள்ளிக்குள் கொண்டுவந்துவிடும். இது நமக்குத் தெரியாததா? ஆனால் அதற்குத் தேர்வு மருந்தாகாது. இடத்தைவிட மனு அதிகம் வந்தால் குலுக்கல் போடட்டும். ஒன்பது வயதுப் பிள்ளை மூன்றாவது மொழி ஒன்றைக் கற்க முடியுமா என்பதைக் கற்றுக்கொடுத்துப் பார்க்கட்டும். மொழி கற்கும் திறன் இல்லாத பிள்ளை உலகத்தில் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு பிள்ளையும் வாய் திறந்த நாளிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது!

இப்போது ஃபின்லாந்தின் பீசா மதிப்பெண் இறங்கிக்கொண்டிருக்கிறது. கணிதத்தில் 2006இல் 548. 2022இல் 484. யாத்திரைக் கூட்டம் ஓய்ந்துவிட்டது. ‘பார்த்தாயா, சமத்துவம் பேசினால் இப்படித்தான் ஆகும்’ என்று கிளம்புகிறவர்கள் கிளம்புவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 2006இல் உச்சத்தில் நின்றபோதும் இதே கட்டணமில்லாத, பிரிவில்லாத அடிப்படைப் பள்ளிதான் இருந்தது. ஏறினால் அதற்குப் பெருமை கிடையாது, இறங்கினால் மட்டும் அதன் மேல் பழி என்றால் அது கணக்கு அல்ல, காழ்ப்பு.

எஸ்.ஒய்.கே.யைக் கொண்டாடவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்தின் 140 வருஷக் கதையில் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்த வரிசையைப் பார்க்கலாம். மொழிப் பூட்டும் பெண்ணுக்குப் போட்ட பூட்டும் 1886இல் திறந்தன. காசுப் பூட்டு 1970களில் திறந்தது. லுகியோவின் புத்தகச் செலவு 2021இல் போனது. தகுதி என்ற பூட்டு இன்னும் தொங்குகிறது. முதல் பூட்டுகளைத் திறந்தவர்கள் யோக்கியர்கள், கடைசிப் பூட்டை மாட்டிவைத்திருப்பவர்கள் அயோக்கியர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எந்தப் பூட்டும் தானாகத் திறந்ததில்லை என்பதுதான் அர்த்தம். 1886இல் ‘பெண்ணுக்கு எதுக்கு?’ என்றார்கள். 1968இல் ‘தரம் போயிடும்’ என்றார்கள். இன்றைக்குத் ‘திறமையைப் பார்க்க வேண்டாமா?’ என்கிறார்கள். குரல் மாறுகிறது. வாசல் காவல்காரன் வேலை மாறவில்லை.

கல்வி பற்றி எழுதும், பேசும் தோழர்கள் எந்தப் பள்ளியைப் பற்றிப் பேசினாலும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். சீட்டுக்கு விலை உண்டா? உள்ளே விடுவதற்கு முன்னால் பிள்ளையை நிறுத்துப் பார்க்கிறார்களா? மத்தியானம் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே சோற்றைத் தின்கிறார்களா? ஹெல்சிங்கிப் பள்ளி முதல் கேள்வியிலும் மூன்றாவது கேள்வியிலும் பாஸ். இரண்டாவதில் ஃபெயில். பேர்போன பள்ளிதானே, மறுபடி எழுதட்டும்.